பத்துக்குப் பத்து வீடு: வரவும் செலவும்



போன மாதம் காசிமேடு பக்கத்தில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உறுப்பினர்கள் 15 பேர். கூட்டம் நடந்த இடம் போர்டு குடியிருப்பின் மாடிப்படி. படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். படி திரும்புகிற இடத்தில் ஊக்குநர் தீர்மான நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். தண்ணிக் குடத்தோடு இறங்குகிறவர்களுக்கும் பால் வாங்கி ஏறுகிறவர்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டுக்கொண்டே சேமிப்பு வசூல் நடந்தது. "யார் வீட்டுலயாவது உட்காரக் கூடாதா?" என்று கேட்டோம். "எங்க வூட்டு ஆளுங்களே உட்கார எடமில்ல, இதுல பதினஞ்சு பேரு எங்க உட்காருறது?" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு வந்த கடன் விண்ணப்பங்களில் ஒன்றைப் படித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மீன் விற்கும் ஒரு அக்காவுக்கு ஊருக்கு வெளியே, தொலைவில் கட்டிய அடுக்குமாடியில் வீடு கிடைக்கும் போல இருக்கிறது. இப்போது இருக்கிற வாடகை அறையைவிடப் பெரிது. உள்ளேயே குளியலறை, கழிவறை, தனியாகச் சமையல் இடம் எல்லாம் உண்டு. அதற்குப் பங்குத் தொகை கட்டக் குழுவில் உள்கடன் கேட்டிருந்தார். பாதிப் பேர் "யோசிக்காதே, போயிடு" என்றார்கள். மீதிப் பேர் "போகாதே, பொழப்பு போயிடும்" என்றார்கள். அக்காவுக்குக் குழப்பம்தான் மிச்சம்.

இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் உள்ளது இல்லை. ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரைக்கும் நம் உறுப்பினர்களில் பலர் ஓர் அறை வீட்டில்தான் குடும்பம் நடத்துகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 குடும்பங்களில் சுமார் 37 குடும்பங்கள் ஒரே ஓர் அறையில் வாழ்ந்தன. ஆகவே சின்ன வீட்டில் இருப்பது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. ஆனால் அதில் என்ன லாபம், என்ன நஷ்டம், அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று குழுக் கணக்கு மாதிரி எழுதிப் பார்த்திருக்கிறோமா? இந்த இதழில் அதைத்தான் செய்து பார்க்கிறோம்.

நம்ம பக்கம் வீடுகள் ஏன் இவ்வளவு சின்னது?

வடசென்னை ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் ஆலைகளும் நெருக்குகிற நிலம். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856-ல் ராயபுரத்தில் திறந்தார்கள். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டும் வேலை ஆரம்பித்தது. நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராததால் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. குப்பங்கள் பின்னுக்கு நகர்ந்துகொண்டே வந்தன. எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகக் கொட்டி வைத்திருக்கும் கருங்கல் அதைத் தடுக்கத்தான்.

இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. 1948-ல் எண்ணூரில் அசோக் லேலண்ட், 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1960-களில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970-ல் வந்த எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. வேலை தேடிப் பல ஊர்களில் இருந்து ஜனங்கள் வந்தார்கள். பர்மாவில் இருந்து திரும்பியவர்களும் வந்தார்கள். ஆள் கூடக் கூட இடம் குறைந்தது. பெரிய வீடுகள் ஒண்டுக் குடித்தனங்களாகப் பிரிந்தன. குடிசைக்குப் பக்கத்தில் இன்னொரு குடிசை எழுந்தது.

1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. நாம் இன்றும் 'போர்டு வீடு' என்றுதான் சொல்கிறோம். தீப்பிடிக்கும் ஓலைக்குப் பதிலாகக் கான்கிரீட் கூரை கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் அந்தக் காலத்து வீடுகள் பலவும் 250 சதுர அடிக்குள்தான். அப்போது நாலு பேருக்குக் கொடுத்த வீட்டில் இப்போது மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். வீடு வளரவில்லை, குடும்பம் வளர்ந்துவிட்டது.

சின்ன வீட்டின் வரவு

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். சின்ன வீட்டில் நல்லதே இல்லை என்றால் இத்தனை பேர் இத்தனை வருஷமாக விடாப்பிடியாக இங்கேயே இருக்க மாட்டோம்.

பிழைப்பு பக்கத்தில் இருக்கிறது. காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே ஆரம்பிக்கும். நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால் 3 மணிக்கு எழுந்தால் போதும். எறா உரிக்கிற வேலை, கருவாடு, காலை இட்லிக் கடை எல்லாவற்றுக்கும் இடம்தான் மூலதனம். வாசல் படியிலேயே அடுப்பு போட்டு நாலு காசு பார்க்கிறவர்கள் நம் குழுக்களில் நிறைய.

வாடகையும் பராமரிப்பும் குறைவு. அரை மணி நேரத்தில் பெருக்கித் துடைத்துவிடலாம். ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட். 2016-ல் இருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதால், தனி மீட்டர் இருக்கும் சின்ன வீட்டுக்குக் கரண்ட் பில் பெரிதாக வராது.

அக்கம்பக்கம் இருக்கிறது. கதவைத் திறந்தால் எதிர் வீடு. பிள்ளையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணி பிடிக்கப் போகலாம். வயசான மாமியார் தனியாகக் கிடக்க மாட்டார், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். ராத்திரி 12 மணிக்கு நெஞ்சு வலி என்றால் ஆட்டோ எடுக்க ஆள் இருக்கிறது. நம் குழுக்களில் 'அவர் கட்டுவார்' என்று நம்பிக் கடன் கொடுப்பதும் இந்தப் பழக்கத்தால்தான்.

அமெரிக்காவில் சிலர் இப்போது ஆசைப்பட்டுச் சின்ன வீடு கட்டிக்கொள்கிறார்கள். பெரிய வீட்டுக் கடன் வேண்டாம், தேவையில்லாத சாமான் வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். 2018-ல் அங்கே வந்த வீட்டுக் கட்டுமான மாதிரி விதிகள் 400 சதுர அடிக்கு உட்பட்டதைத்தான் 'குட்டி வீடு' என்கின்றன. நம்மில் பலருக்கு அது பெரிய வீடு! தவிர, அங்கே அப்படிப்பட்ட வீட்டில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். வேண்டாம் என்றால் மாறிக்கொள்ளலாம். விரும்பி இருப்பதும் வேறு வழி இல்லாமல் இருப்பதும் ஒன்றாகாது.

செலவு யார் தலையில்?

மேலே சொன்ன வரவு குடும்பம் முழுவதற்கும் வருகிறது. செலவுப் பக்கத்தைப் பாருங்கள்.

ஓர் அறையில் எல்லாரும் படுத்த பிறகு கிடைக்கிற இடத்தில் படுப்பது யார்? நாம். மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்னே பாயைச் சுருட்டி அடுப்பைப் பற்றவைப்பது யார்? நாம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற வீட்டுக்காரர் பகலில் தூங்க வேண்டும் என்றால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்காருவது யார்? புடவை மாற்ற வேண்டும் என்றால் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். மாத விலக்கு நாளில் துணியை எங்கே உலர்த்துவது என்று தெரியாமல் ஈரத்தோடு மறைத்து வைக்கிறோம். பிரசவம் முடிந்து வந்த பெண்ணுக்குத் தனியாக உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு மூலை கிடையாது.

ஒண்டுக் குடித்தனங்களில் நாலைந்து வீட்டுக்கு ஒரு கழிவறை. ராத்திரியில் போகப் பயந்து சாயங்காலம் முதல் தண்ணி குடிக்காமல் இருக்கிற அக்காக்கள் எத்தனை பேர்? அது நல்லதில்லை. தண்ணி குறைவாகக் குடித்து, சிறுநீரை அடக்கி வைப்பதால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும். கழிவறைக்கு உள்தாழ்ப்பாளும் வழியில் ஒரு விளக்கும் போட ஆகும் செலவு, ஒரு தடவை டாக்டரிடம் போகிற செலவைவிடக் குறைவு. ஒரு வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டால் வீட்டு உரிமையாளர் மறுப்பது கஷ்டம்.

பத்தாவது படிக்கும் பெண் பிள்ளைக்கு டி.வி. சத்தத்தில் பாடம் ஏறாது. பையன் தெருவுக்குப் போய்விடுவான், பெண் எங்கே போவாள்? வாய்ச் சண்டை வந்தால் பிள்ளைகள் காதில் விழாமல் சண்டை போடவும் இடம் இல்லை. கை நீட்டுகிற ஆளாக இருந்தால் ஓடி ஒளிய இன்னொரு அறை இல்லை. இதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் எல்லா உறுப்பினருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

2020 கொரோனா காலத்தை மறக்க முடியாது. அந்த மே மாதத்தில் சென்னையிலேயே அதிக நோயாளிகள் இருந்த மண்டலம் ராயபுரம். 'தனி அறையில் இருங்கள்' என்று டி.வி.யில் சொன்னார்கள். இருக்கிறதே ஓர் அறை, அதில் எங்கே தனி அறை? அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தவித்ததும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

ஆகவே சின்ன வீட்டின் லாபத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். நஷ்டம் மட்டும் அதிகமாக நம் பேரில் எழுதப்படுகிறது. அதனால் வீடு பற்றிய முடிவில் முதல் வார்த்தை நம்முடையதாக இருக்க வேண்டும். அதற்குக் காற்று, அடுப்பு, சுவர், தூரம், பத்திரம் ஆகிய ஐந்தையும் பார்க்கத் தெரிய வேண்டும்.

1. காற்று: சென்னையே உலகுக்குச் சொன்ன பாடம்

காசநோய் காற்றில் பரவும். நெருக்கமான, காற்றோட்டம் இல்லாத வீட்டில் சீக்கிரம் பரவும். இது நமக்குத் தெரியும். இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்ததே நம் சென்னைதான்.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சைக்கு ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்று இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நினைத்தார்கள். சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல சாப்பாட்டோடும் சிகிச்சை பெற்றது. இன்னொரு பிரிவு நெருக்கடியான தன் வீட்டிலேயே இருந்து அதே மருந்தை ஒரு வருஷம் சாப்பிட்டது. 1959-ல் முடிவு வெளியானது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவே இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் ஒட்டவில்லை என்று தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. ஏனென்றால், நோய் பெரும்பாலும் பரவுவது கண்டுபிடித்து மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால்தான். இந்த முடிவுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க வீட்டிலிருந்தே காசநோய் சிகிச்சை என்ற முறை பரவியது.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்கு அரசு தரும் உதவி 2024 நவம்பரில் இருந்து மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. 'சின்ன வீடு, மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்' என்று பயந்து மறைப்பதால்தான் உண்மையில் ஒட்டுகிறது.

இரண்டு, காற்றுக்கு வழி விட வேண்டும். தேசியக் கட்டட விதிகளின்படி ஓர் அறை வீட்டின் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி இருக்க வேண்டும். நம் 'பத்துக்குப் பத்து' அந்தக் கோட்டைக்கூடத் தொடவில்லை! நம்மைப் போன்ற புழுக்கமான ஊர்களில் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்பதும் விதி. 100 சதுர அடி அறைக்கு சுமார் 4 அடிக்கு 4 அடி ஜன்னல். உங்கள் ஜன்னலை இன்றைக்கே முழம் போட்டுப் பாருங்கள். ஜன்னல் சின்னது என்றால் அதை மறைத்து நிற்கும் பீரோவை முதலில் நகர்த்துங்கள். எதிர்ச் சுவரில் மேலே ஒரு துவாரம் இருந்தால்கூடக் காற்று ஓடும். தகர ஷீட், சிமெண்ட் ஷீட் கூரையாக இருந்தால் மேலே வெள்ளை அடிப்பது வெக்கையைக் குறைக்கும்.

தண்ணி பிடித்து வைக்கும் டிரம்முக்கு இறுக்கமான மூடி போட்டு, வாரம் ஒரு தடவை உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணியில்தான் முட்டை வைக்கும். படுக்கிற இடமும் டிரம் இருக்கிற இடமும் ஒன்றாக இருக்கிற வீட்டில் இது மிக முக்கியம்.

2. அடுப்பு: படுக்கிற இடத்தில் சிலிண்டர்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து தேங்கும். நாம் பாய் போட்டுப் படுப்பதும் தரையில்தான். ஆகவே படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவதை விளக்கு அணைப்பது போலப் பழக்கமாக்குங்கள். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில், மேடை மேல் இருக்கட்டும். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெளியே நின்று 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். ஒரே பிளக்கில் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், சார்ஜர் எல்லாம் செருகுவதும் ஆபத்து.

3. சுவர்: திருவொற்றியூர் அரிவாக்குளம் சொன்னது

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் போர்டு குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து, 24 வீடுகள் தரைமட்டமாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம், விரிசலைப் பார்த்து உஷாராகி, இடிவதற்கு முன்பே எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். சாமான், நகை, சான்றிதழ், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் இடிபாட்டில் போயின. ஆனால் உயிர் தப்பியது. விரிசலை 'பழைய கட்டடம்னா அப்படித்தான்' என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியது இது. சுவரிலோ தூணிலோ விரிசல் கண்டால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். 15 நாள் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் வாரிய அலுவலகத்துக்கோ வீட்டு உரிமையாளருக்கோ எழுத்து மூலம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று புது விரிசல் விழுந்தாலும், கதவு ஜன்னல் இழுத்துப் பிடித்தாலும், சிமெண்ட் பொலபொலவென்று கொட்டினாலும் 15 நாள் காத்திருக்க வேண்டாம். அப்போதே எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், ஒதுக்கீட்டு ஆணை எல்லாவற்றையும் ஒரே பையில் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடம் போதவில்லை என்று நடுச்சுவரை உடைப்பது, வெளிப்பக்கம் நீட்டிக் கட்டுவது, பழைய சுவரில் கனமான பரண் அடிப்பது எல்லாம் நம் வீட்டோடு நிற்காது. மேல் வீட்டையும் கீழ் வீட்டையும் சேர்த்து ஆபத்தில் தள்ளும். மேல் வீட்டுக் கழிவறைத் தண்ணி நம் கூரையில் கசிந்தால் சண்டையோடு விட்டுவிடாமல் சரி செய்ய வையுங்கள். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட் உதிரும். வாரியக் குடியிருப்புகளில் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கம் அமைத்துப் பராமரிப்பு செய்ய வழி இருக்கிறது. அந்தச் சங்கத்தில் நம் குழுப் பெண்கள் பொறுப்பு எடுக்க வேண்டும்.

4. தூரம்: பெரிய வீடு என்றால் போய்விடலாமா?

இப்போது அந்த அக்காவின் விண்ணப்பத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரக் குடும்பங்கள் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் பட்ட பாடு நமக்குத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நகரத்தின் பல இடங்களில் இருந்து ஜனங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொண்டு போனார்கள். காசிமேட்டில் இருந்து பெரும்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். 2021-ல் இருந்து சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் ராத்திரி 2 மணிக்கு ஏலத்துக்கு வர பஸ் ஏது?

கூட்டத்தில் நோட்டின் பின்பக்கத்தில் ஓர் உதாரணக் கணக்கு போட்டோம். இப்போதைய வாடகை 4,500 ரூபாய் மிச்சமாகும். இது வரவு. நாலு பேர் சேர்ந்து வண்டி பிடித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 ரூபாய், மாதம் 24 நாளுக்கு 2,880. தூரத்தால் நாலு நாள் வியாபாரம் விட்டுப்போனால், நாளுக்கு 400 வீதம் 1,600. குடியிருப்புப் பராமரிப்புக்கு 500. உள்கடன் தவணை 1,000. ஆகச் செலவு 5,980 ரூபாய். மாதம் 1,480 ரூபாய் துண்டு விழுகிறது. கடன் அடைந்த பிறகும் 480 துண்டு.

இதைப் பார்த்து 'போகவே கூடாது' என்று முடிவு கட்ட வேண்டாம். இதே அக்கா மீன் வியாபாரம் இல்லாமல், அந்தப் பக்கத்து அலுவலகங்களில் துப்புரவு வேலை பார்க்கிறவராக இருந்தால் கணக்கு தலைகீழாக மாறும். பெண் பிள்ளைக்குத் தனி இடம், உள்ளேயே கழிவறை, ராத்திரி நிம்மதியான தூக்கம் இதற்கெல்லாம் விலை போட்டால் சிலருக்கு 1,480 ரூபாய் பெரிதில்லை. ஒவ்வொருவரும் தன் எண்களைத் தானே போட்டுப் பார்க்க வேண்டும். சதுர அடியை மட்டும் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம், பழகின இடம் என்பதற்காக மட்டும் ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். வாசலுக்கு வெளியே என்ன கிடைக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். ஏலக்கூடம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பழகின முகம் எல்லாம் சேர்ந்ததுதான் வீடு.

வீடு சின்னதாக இருக்கும் இடத்தில் வெளியே ஒரு நல்ல பொது இடம் இருந்தால் பிள்ளைகள் எவ்வளவு தூரமும் போவார்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் 3 தங்கம் வென்ற காசிமா, நம் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். நம் தெருக்களின் கேரம் கிளப்புகளையும் கிளை நூலகங்களையும் பையன்களுக்கு மட்டும் விட்டுவிடாமல், பெண் பிள்ளைகளுக்கும் ஒரு நேரம் கேட்டு வாங்குவோம்.

5. பத்திரம்: யார் பேரில்?

இலங்கை மலையகத்தில் நம் தமிழ்ச் சகோதரிகள் தேயிலைத் தோட்டத்து 'லயன்' அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். இன்றும் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். இடநெருக்கடியைவிட அவர்களை அதிகம் வருத்தியது, எத்தனை தலைமுறை இருந்தாலும் அந்த அறை தங்களுடையது இல்லை என்பதுதான். அதனால்தான் 7 பேர்ச் நிலம், அதாவது நம் கணக்கில் சுமார் 1,900 சதுர அடி, சொந்தப் பேரில் வேண்டும் என்று கேட்டு, சிலர் பெற்றும் இருக்கிறார்கள்.

நமக்கும் அதே கேள்விதான். 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், வீடு குடும்பத் தலைவியின் பேரிலோ கணவன் மனைவி இருவர் பேரிலோ இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு மனையைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறது தமிழக அரசு. 'எல்லாம் ஒண்ணுதானே' என்று யாராவது சொன்னால், 'ஒண்ணுதான்னா என் பேர்லயே இருக்கட்டுமே' என்று சொல்லுங்கள்.

ஒருவருக்கு ஒதுக்கிய போர்டு வீட்டை வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்குவது ஆபத்து. விற்பனைப் பத்திரம் வாங்காதவருக்கு அதை விற்க உரிமை இல்லை. பணமும் போகும், வீடும் போகும். அதற்கெல்லாம் குழுக் கடன் தரக் கூடாது.

இருக்கிற வீட்டிலேயே இன்றைக்கே செய்யலாம்

இடம் மாற முடியாதவர்களுக்குச் செலவில்லாத சில வழிகள். ஒரு கம்பியும் பழைய புடவையும் இருந்தால் மூலையில் ஒரு திரை. உடை மாற்றவும் பால் கொடுக்கவும் அது போதும். சாயங்காலம் 7 முதல் 9 வரை டி.வி. கிடையாது, அது படிக்கிற நேரம். பாய் சுருட்டுவது, தண்ணி தூக்குவது ஆண் பிள்ளைகள் வேலை. மாத விலக்குத் துணியை வெயிலில் உலர்த்த மொட்டை மாடியில் ஒரு கொடி, அதற்கு வெட்கம் வேண்டாம். வீட்டு வேலையில் யார் எதைச் செய்வது என்று ஆண்களோடு உட்கார்ந்து பேசுங்கள். இடம் சின்னது என்றால் வேலையையாவது பங்கு போட வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் ஓர் அறையில் 3 பேருக்கு மேல் படுக்கிற வீடுகள் எத்தனை? ஐ.நா.வின் கணக்குப்படி அதுதான் நெருக்கடி வீடு.
2. யார் வீட்டில் விரிசல் இருக்கிறது? கோடு போட்டுத் தேதி எழுதியாகிவிட்டதா?
3. கழிவறைக்கு விளக்கும் தாழ்ப்பாளும் இல்லாத இடம் எது? யாரிடம் கேட்பது?
4. யாருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல்?
5. யார் வீட்டுப் பத்திரத்தில், ஒதுக்கீட்டு ஆணையில் பெண் பேர் இருக்கிறது?

அந்தக் காசிமேடு குழு என்ன முடிவு எடுத்தது என்று கேட்பீர்கள். கடனை மறுக்கவில்லை, உடனே கொடுக்கவும் இல்லை. 'நாலு உறுப்பினர்கள் அக்காவோடு புது இடத்துக்குப் போய், பகலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே தண்ணி, பஸ், பள்ளிக்கூடம், விளக்கு, அக்கம்பக்கம் எல்லாம் விசாரிக்க வேண்டும். அதன் பிறகு அடுத்த கூட்டத்தில் அக்கா சொல்வதே முடிவு' என்று தீர்மானம் எழுதி, 15 பேரும் அந்தப் படிக்கட்டிலேயே கையெழுத்துப் போட்டார்கள்.

உங்கள் குழுவுக்கும் இப்படி ஒரு விண்ணப்பம் வரும். வரும்போது நோட்டைத் திருப்பி, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுங்கள். செலவுப் பக்கத்தில் பெண்ணின் தூக்கத்தையும் சேர்த்து எழுத மறக்காதீர்கள்.